பழைய காரோடு வந்த தகடு

நெல்டா க்ரம்ப் அந்த ப்யூக் காரை வாங்கியது இராக் சண்டையின் இரண்டாம் வருஷம். அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பருத்தி வயல்களைத் தாண்டி ஊர் எல்லையில் இருக்கும் முதியோர் இல்லத்தில், சலவை அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கணவன் ஹாய்ட் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. ஒரே தங்கை டெக்ஸாஸில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு அட்டை போடுவாள்.

எங்கள் அலபாமாவில் சர்க்கார் கேட்பது பின்பக்கத்து நம்பரை மட்டும்தான். காரின் முன்பக்கம் வண்டிக்காரர் இஷ்டம். கால்பந்து அணியின் பெயரை மாட்டுவார்கள், வேத வசனம் மாட்டுவார்கள், இதயம் வரைந்து அதற்குள் புருஷன் பெண்டாட்டி பேரை எழுதி மாட்டுவார்கள். நெல்டா வாங்கிய காரில் ஏற்கெனவே ஒரு தகடு இருந்தது. சண்டைக்குப் போனவர் திரும்பி வரவேண்டும் என்று கட்டும் மஞ்சள் ரிப்பன் படத்துக்குப் பக்கத்தில், ‘ராணுவ வீரனின் தாய் என்பதில் பெருமை’ என்று எழுதியிருந்தது. கார் விற்றவன், திருப்புளியால் இரண்டு திருகு திருகினால் வந்துவிடும் என்றான்.

மறுநாளே அவள் பெட்ரோல் போடும்போது பக்கத்து வண்டியிலிருந்து ஒரு கிழவர் இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“உங்க பையன்கிட்ட சொல்லுங்கம்மா, நாங்கெல்லாம் அவன நெனச்சுக்கிட்டேதான் இருக்கோம்னு.”

எனக்குப் பையனே இல்லைங்க, இது பழைய கார் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

“சொல்றேங்க” என்றாள் நெல்டா.

அன்று சாயங்காலம் திருப்புளியை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் குந்தினாள். திருகாணி துருவேறிக் கிடந்தது. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இல்லத்தில் பழுது பார்க்கும் க்ளோவிஸிடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கழற்றித் தந்திருப்பான். அவள் சொல்லவில்லை.

இல்லத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். தகட்டைப் பார்த்து, பிள்ளையை எந்தப் படையில் சேர்த்தாய், எங்களிடம் சொல்லவே இல்லையே என்று இரண்டு நாள் கேலி செய்துவிட்டு மறந்துபோனார்கள். இருபது மைல் தள்ளியிருந்த பெரிய ஊரில் அவளை யாருக்கும் தெரியாது. நெல்டா மளிகை வாங்க அங்கே போக ஆரம்பித்தாள். நான்கு தெரு கூடும் இடத்தில் மற்ற வண்டிகள் நின்று அவளை முதலில் போகச் சொல்லிக் கை காட்டின. ரொட்டிக் கடைக்காரி பையில் இரண்டு டோனட் கூடுதலாகப் போட்டுவிட்டு, அவன் எப்போது வருகிறான் என்று கேட்டாள். பதில் வரும்வரை காத்தும் நின்றாள். ஹாய்ட் போனபிறகு நெல்டாவின் பதிலுக்காக ஒருத்தர் நின்றது அன்றுதான்.

ஒரு வியாழக்கிழமை, மளிகைக் கடை வாசலில் அவள் காரைக் கிளப்பப் போகும்போது ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை செய்பவள் போல மேலே மாவு படிந்த ஏப்ரன். முகமெல்லாம் அழுகை.

“உங்க பையன் ஃபோன் பண்ணானா? எம் பையன் பேசி நாலு நாளாச்சு. டிவியில குண்டு வெடிச்சதக் காட்டினாங்க.”

“இன்னும் பண்ணல” என்றாள் நெல்டா. அதுவரை அவள் சொன்னதிலேயே அது ஒன்றுதான் ஒருவகையில் உண்மை. பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதாள். பெயர் ரொவீனா. மகன் பெயர் டெரல். பத்தொன்பது வயது, முட்டையென்றால் உயிரை விடுவான். உங்க பையன் பேர் என்ன என்று அவள் கேட்டபோது, அன்று காலை நெல்டா மடித்து வைத்த சட்டைகளின் காலரில் மையால் எழுதியிருந்த ஒரு தொண்ணூறு வயதுக்காரரின் பெயர் வாயில் வந்துவிட்டது.

“எம்மெட்.”

“நல்ல பழைய காலத்துப் பேரா வெச்சிருக்கீங்க” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் ரொவீனா.

டெரல் மறுநாள் கூப்பிட்டுவிட்டான். ஆனால் இருவரும் வியாழன்தோறும் சந்திக்கத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலையோர ஓட்டலில் கெளுத்தி மீன் வறுவலும் சோளமாவு உருண்டையும் வாங்கிக்கொண்டு எதிரெதிரே உட்காருவார்கள். ரொவீனாதான் பேசுவாள். டெரல் சின்ன வயதில் கூரையிலிருந்து குதித்தது, அவன் அப்பன் ஓடிப்போனது, ஃபோன் அடித்தால் எடுக்கவே தான் பயப்படுவது. எம்மெட்டைப் பற்றிக் கேட்டால் நெல்டா சுருக்கமாகச் சொல்வாள்: அமைதியானவன், அதிகம் எழுத மாட்டான். சிலருக்குப் பேசினால் தாங்காது என்று நினைத்து ரொவீனா அதற்குமேல் துருவ மாட்டாள். நெல்டா வியாழக்கிழமைக்காக மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்தில் ரொவீனா அவளைத் தன் சபைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஞாயிறுதோறும் பாஸ்டர், சண்டைக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் பெயர்களை வாசிப்பார். ஏழு பெயர்கள். அன்று எட்டாவதாக ‘எம்மெட் க்ரம்ப்’ என்று வாசித்தார். இருநூறு பேர் தலை குனிந்தார்கள். முன்வரிசையில் ஒரு பாட்டி அந்தப் பெயரை உதட்டுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் காலுறையும் மிட்டாயும் நிரப்பி, கலர் பென்சிலால் வாழ்த்து வரைந்து, எம்மெட்டுக்கென்று ஒரு பெட்டியை அவள் கையில் கொடுத்தார்கள். விலாசம் எழுதித் தபாலில் போட வேண்டியது அவள் வேலை.

பெட்டி மூன்று வாரம் காரின் பின்சீட்டில் கிடந்தது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மீன் வருவதற்கு முன்னால், நெல்டா சொல்லிவிட்டாள். பையன் இல்லை. எந்தப் பிள்ளையும் இல்லை. தகடு காரோடு வந்தது.

ரொவீனா சிரிக்கப் போவதுபோல் இருந்தது. பிறகு முகம் மாறியது.

“என் பயத்தையெல்லாம் உங்கிட்டதானே கொட்டினேன்” என்றாள். “ஒனக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுத்தானே கொட்டினேன்.”

“தெரியும், ரொவீனா.”

“ஒனக்கு என்ன தெரியும்? ஃபோன் அடிச்சா ஒனக்கு என்ன ஆகும்? சொல்லு பாப்போம்.”

நெல்டா வீட்டு ஃபோன் அடித்தால் பெரும்பாலும் தப்பான நம்பர்.

“பெட்டியக் குடு. நெஜமா இருக்கற எவனுக்காவது போகட்டும்.” ரொவீனா காரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நெல்டா சபைக்குப் போவதை நிறுத்தினாள். ஊரெல்லாம் தெரிந்திருக்கும் என்று பயந்து மளிகையையும் வேறு கடையில் வாங்கினாள். ஒரு மாதம் கழித்து அந்தக் கடையில் பாஸ்டரின் மனைவி எதிரே வந்தபோது ஒளிய இடமில்லை. அந்த அம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து அணைத்துக்கொண்டாள்.

“எம்மெட் நல்லபடியா வந்துட்டானாமே! ரொவீனா சொன்னா. ஒரு ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வாங்க, நாங்க எல்லாரும் அவனப் பாக்கணும்ல.”

ரொவீனா இரக்கப்பட்டுச் சொன்னாளா, இப்படி ஒருத்தியைக் கூட்டிவந்தேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுச் சொன்னாளா, நெல்டாவுக்குப் புரியவில்லை. எதுவானாலும், பையனைக் காட்டாமல் இனி சபைக்குப் போக முடியாது; அந்த வாசல் அடைபட்டுவிட்டது. அவன் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான் என்று சொன்னாள். அவள் கொஞ்சமும் விரும்பாமல் சொன்ன பொய் அது.

மறுநாள் க்ளோவிஸிடம் காரைக் காட்டினாள். எண்ணெய் விட்டு, திருகாணியைத் தட்டி, தகட்டைக் கழற்றி நீட்டினான்.

“குப்பையில போட்டுடவா, நெல்டாம்மா?”

வேண்டாம் என்று வாங்கிக்கொண்டாள். கையில் பிடித்திருந்தபோதுதான் அது தோன்றியது. இதை மாட்டியவள் ஒருத்தி இருந்திருப்பாள். அவள் காரை ஏன் விற்றாள்? தகட்டை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? அவள் பையன் வந்தானா? ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட இதைத் தான் நினைக்கவில்லை என்பது நெல்டாவைப் படுத்தியது. கார் விற்றவனுக்கு ஃபோன் செய்தாள். ஏலத்தில் எடுத்த வண்டி, பக்கத்து மாநிலம் ஜார்ஜியாவிலிருந்து வந்தது, யாருடையதென்று தெரியாது என்றான். தகட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் ஃபோன் அடித்தது.

“டெரல் வந்துட்டான்” என்றது ரொவீனாவின் குரல்.

“எப்படி இருக்கான்?”

“சரியா சாப்பிடறதில்ல. கதவ சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான். சபையில எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, அவங்ககிட்ட இதச் சொல்ல முடியல.”

“எங்கிட்ட சொல்லலாம், ரொவீனா.”

பதில் வரும்வரை நெல்டா காத்திருந்தாள்.

“இல்ல. வெச்சுடறேன்” என்றாள் ரொவீனா.

அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. நெல்டா இரண்டு முறை அந்த நம்பரை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வைத்தாள். மூன்றாம் முறை மணி அடித்தது. ஒரு இளம் ஆண்குரல் ‘ஹலோ’ என்றது. நீ நல்லாயிருக்கியா தம்பி என்று கேட்டாள் நெல்டா. யார் பேசறது என்று அவன் கேட்டான். தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள்.