சத்தியபாய் உட்கார்ந்த பந்தி

எங்கள் நாகர்கோவில் சபையின் சனிக்கிழமை நடைக்காரர்கள் இந்த மூன்று வருஷத்தில் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் எருசலேமே வந்துவிடும். ஒலிவ மலையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுக்குக்காப்பியும் குடித்திருக்கலாம். சபை ஆண்டுக்கூட்டத்தில் இதை நான் சொன்னபோது கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் பேத்தி சுபிதா போனில் கணக்குப் போட்டாள். மாதம் இரண்டு சனி, தடவைக்கு ஆறு கிலோமீட்டர். "பாட்டி, நீங்க மதுரைக்குப் போய்ட்டுத் திரும்பி வாற வழியில நாங்குநேரியில நிக்கிய" என்றாள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நாங்குநேரி மட்டும் என்ன, பக்கத்துத் தெருவா?

நடை தொடங்கியதற்குக் காரணம் பக்தி இல்லை, சர்க்கரை. சபையில் பாதிப் பேருக்கு அது இருந்தது. மீதிப் பேர் பரிசோதிக்கவில்லை. போதகர் கோயில் வாசலில் ஜெபம் செய்து அனுப்பிவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் பதினான்கு பேர் சானல் கரையிலும் குளத்தங்கரையிலும் வாழைத் தோட்டங்களுக்கு நடுவிலும் நடப்போம். பாசனக் கால்வாயைத்தான் இங்கே சானல் என்போம். ஆறு கிலோமீட்டர் நடந்து, பத்து கிலோமீட்டருக்கு ரசவடை தின்றுவிட்டு, பஸ் ஏறித் திரும்புவோம். சர்க்கரை குறைந்ததாக இதுவரை யாரும் சாட்சி சொல்லவில்லை.

இந்தக் கூட்டத்தில் என் மனசுக்கு மிகவும் பிடித்தவள் சத்தியபாய். வயது ஐம்பத்தைந்து. வடசேரியில் தையல் கடை. நடக்கும்போதும் தலை குனிந்தேதான் நடப்பாள், பூமியில் எங்காவது தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. இடுப்பில் செருகிய பையில் ஊசியும் மெழுகு நூலும் இருக்கும். யாருடைய செருப்பு வார் அறுந்தாலும் அங்கேயே குந்தவைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, "இது நாரோயில் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல கர்த்தர் விட்ட வழி" என்பாள். ஒருத்தியைக் கண்ணால் பார்த்தே ஜாக்கெட் அளவு சொல்லிவிடுவாள். எனக்கு மட்டும் சொல்லமாட்டாள். "டீச்சரக்கா, கேக்காதிய. சனிக்கிழமயும் அதுவுமா சண்ட வேண்டாம்" என்பாள்.

அவளுடைய வீட்டுக்காரர் மரியஜானும் எங்களோடு வருவார். அவர் முட்டத்துக் கடற்கரை ஆள், கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலில் பூசை, சனிக்கிழமை நம் சபையாரோடு நடை. முப்பது வருஷம் மீன் ஏலம் கூறிக் கூறித் தொண்டை கட்டிப்போன மனுஷன். அதனால் மற்ற நேரம் வாயைத் திறப்பதில்லை. கையில் கம்பு வைத்துக்கொண்டு, பாம்பு கிடக்கிறதா என்று புல்லைத் தட்டிக்கொண்டே எங்களுக்குப் பத்தடி முன்னால் போவார். வழி சொல்வது மட்டும் என் வேலை.

இந்த மரியஜான் ஒரு சட்டைக்கு மூன்று தடவை அளவு கொடுத்ததில் தொடங்கியதுதான் அவர்கள் கல்யாணம். சத்தியபாய் தோவாளைக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு ஊரில் பிறந்தவள். அங்கே புராட்டஸ்டண்டு சபை உண்டான காலத்திலிருந்து அவள் குடும்பம் அந்தச் சபையில்தான். கடற்கரைக்காரனைக் கட்டி, மாதா கோயிலில் கைப்பிடித்தாள் என்று கேட்டதும் அண்ணன் ஜேசுதாஸ், "எனக்குத் தங்கச்சி கெடையாது" என்று சொல்லிவிட்டார். அப்பா அம்மா முன்பே போய்விட்டார்கள். அவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு அண்ணன்தான். மகள் கல்யாணத்துக்கு அவள் அனுப்பின பத்திரிகை பிரிக்காமலே திரும்பி வந்தது. முப்பத்தோரு வருஷம்.

அவள் இதைச் சொல்லி அழுதவள் இல்லை. ஆனால் வருஷா வருஷம் அந்த ஊர் அசனம் நெருங்கும்போது மட்டும் பேச்சு அங்கே போய்விடும். அசனம் என்றால் சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ஊரில் யார் வந்தாலும் இலை உண்டு.

"எங்க அண்ணன் சாம்பார் வாளிய வேற ஆளுக்குக் குடுக்க மாட்டாவ" என்பாள். "சின்ன வயசுலேருந்தே அவியதான் விளம்புவாவ. பந்தியில ஒரு ஆளத் தாண்டிட்டா அந்த அசனம் அசனமே இல்லம்பாவ. ஒருக்க, குடிச்சிட்டு வந்து உக்காந்தவனுக்கும் விளம்பினாவ. பொறவு எழுப்பி வெளிய கொண்டு விட்டாவ, அது வேற."

"ஒருநாள் போய்ப் பாரேன்" என்று எங்களோடு நடக்கிற நர்ஸ் பிரீனா கேட்டாள்.

"அண்ணன் மொகத்தத் திருப்பிட்டா? இப்பம்னா, பாத்தா பேசுவாவன்னு நெனச்சிட்டாவது இருக்கலாம். போய்ப் பாத்துட்டா அதுவும் போச்சே."



இந்த வருஷம் ஒரு சனிக்கிழமை தோவாளைச் சானல் கரையில் நடந்துகொண்டிருந்தோம். என் தாத்தா பத்மநாபபுரம் அரண்மனைக் குளத்தில் முதலையோடு மல்லுக்கட்டின கதையை நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் குளத்தில் முதலை கிடையாது, தாத்தாவுக்கு நீச்சலும் தெரியாது. ஆனாலும் கதை நன்றாக வந்தது. முதலையின் வாயை அவர் துண்டால் கட்டுகிற இடத்தில் நான் திரும்பி நின்று கையை விரித்துக் காட்டிக்கொண்டே பின்னுக்கு நடந்தேன். சானல் இரண்டாகப் பிரிகிற சின்னப் பாலம் அங்கேதான். வலது பக்கம் போனால் பஸ் ரோடு. நான் கூட்டத்தை இடது பக்கம் கொண்டுபோய்விட்டேன்.

ஒரு மணி நேரமாகியும் ரோடு வரவில்லை. வெயில் ஏறியது. தென்னந்தோப்பு, அப்புறம் பூப்பறித்து முடித்த தோட்டம், அப்புறம் இன்னொரு தென்னந்தோப்பு.

"இஸ்ரவேலர் நாப்பது வருசம் சுத்தினது எதனாலன்னு இப்பம்தான் விளங்குது" என்றாள் பிரீனா. "அங்கயும் ஒரு டீச்சர் முதலக்கத சொல்லியிருப்பாவ."

அப்போது தூரத்தில் ஒலிபெருக்கியில் கீர்த்தனை கேட்டது. பாட்டு நின்று ஒரு குரல் அறிவித்தது: "முதல் பந்திக்கு எல விரிச்சாச்சு. வெளியூர்லேருந்து வந்தவியளும் வரணும்."

சத்தியபாய் நின்றுவிட்டாள். புது வீடுகளும் புது ரோடுமாக ஊர் மாறியிருந்ததால் அதுவரை அவளுக்குத் தெரியவில்லை. தென்னைகளுக்கு மேலே கோயில் கோபுரம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சரக்கா, திரும்பிருவோம்."

திரும்பத்தான் நினைத்தோம். அதற்குள் தோளில் துண்டு போட்ட ஒரு ஆள் ஓடிவந்து வழியை மறித்தார். "இந்த நேரத்துல வந்துட்டு சாப்பிடாமப் போனா சபைக்குக் கொறச்சல் அம்மா. வாங்கோ, கைய கழுவுங்கோ."

யாரும் அசையவில்லை. மரியஜான்தான் கம்பை வேலியில் சாய்த்து வைத்தார். "பசிக்கி" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தியபாய் அவரைப் பார்த்தாள். பந்தலுக்குள்ளே பார்த்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு அடுத்த இலை. இடம் பிடிக்க ஒருத்தியைத் தள்ளிவிட்டேன், கர்த்தர் மன்னிப்பாராக.

சோறு விழுந்தது. சாம்பார் வாளி பந்தியின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. நரைத்த தலை, மடித்துக் கட்டின வேட்டி, சத்தியபாயின் அதே மூக்கு. அடையாளம் கேட்கவேண்டிய தேவையே இல்லை. இலையைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டி, அடுத்த இலை. ஒரு கரண்டி, அடுத்த இலை. என் பக்கத்தில் சத்தியபாய் முந்தானையை இன்னும் முன்னுக்கு இழுத்துவிட்டாள். எனக்கு முதல் முறையாகச் சொல்வதற்குக் கதை ஒன்றும் வரவில்லை.

எனக்கு ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு வந்தார். கரண்டி பாதியில் நின்றது. சோற்றைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். பின்னால் ரசத்தோடு வந்தவன், "மாமா, நவுருங்கோ" என்றான். அவர் நகரவில்லை.

அடுத்து அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்த நான் மட்டும்தான் பார்த்தேன். கரண்டியை வாளிக்குள் சாய்த்தார். அதில் கிடந்த கத்தரிக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே தள்ளினார். மறுபடி முகந்தார், மறுபடி பார்த்தார், இன்னொரு துண்டைத் தள்ளினார். பிறகுதான் அவள் சோற்றில் ஊற்றினார். முருங்கைக்காய் மட்டும் கிடந்தது. கத்தரிக்காய் பட்டால் சத்தியபாய்க்கு உதடு வீங்கிவிடும். எங்கள் கட்டுச்சோற்றில்கூட நாங்கள் அதை வைப்பதில்லை.

அவள் தலை நிமிரவில்லை. சோற்றில் சாம்பாரோடு கண்ணீரும் விழுந்தது.

அடுத்த இலை மரியஜானுடையது. பந்தலில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், பேச்சு குறைந்துபோனது. ஜேசுதாஸ் வாளியை மாற்றிப் பிடித்தார். மரியஜானைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்துக் கேட்டார்:

"ஏட்டி, மாப்ளைக்குக் கத்தரிக்கா ஆவுமா?"

மரியஜான்தான், இலைக்கு மேல் வைத்திருந்த கையை விலக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் ஆவும் மச்சான்."

மச்சான் ஊற்றினார். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று. இலை தாண்டிப் பாயும்வரைக்கும் ஊற்றினார்.

இரண்டாம் பந்திக்கு ஜேசுதாஸ் வாளியை ஒரு இளவட்டத்தின் கையில் கொடுத்துவிட்டார். ஊரே வாயைப் பிளந்தது. தங்கையையும் மாப்பிள்ளையையும் முன்னால் விட்டு, தான் பின்னால் நடந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் மற்றவர்கள் கோயில் மதில் நிழலில் உட்கார்ந்து நான்கு பஸ்ஸை விட்டோம். உண்மையில் இரண்டு பஸ்தான்.

சபை மலருக்குக் கொடுப்பதற்காக இதை எழுதி, கொடுக்கும் முன் எங்கள் கூட்டத்துக்கே வாசித்துக் காட்டினேன். ஒரு குளத்தங்கரைப் புளிய மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். சத்தியபாய் யாருடைய செருப்பையோ மடியில் வைத்துத் தைத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் மரியஜான் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"நல்லா எழுதியிருக்கிய டீச்சர். ஒரு எடம் மட்டும் தப்பு."

"எந்த எடம்? முதலையா?"

"மொதல கெடக்கட்டும். வழி தப்பினது நீங்க இல்ல. நீங்க பின்னுக்குல்லா நடந்திய? அந்தப் பாலத்துல எடது பக்கம் திரும்பினது நான். எல்லாரும் எம் பின்னால வந்திய. அன்னைக்கு அங்க அசனம்னு எனக்கு முன்னாலயே தெரியும்."

சத்தியபாயின் கையில் ஊசி அப்படியே நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளா?"

"சொன்னா வந்திருப்பியா?" என்றார் மரியஜான். "சொல்லாட்டியும் நீ வருவேன்னு தெரியும். முப்பத்தோரு வருசத்துக்கு முன்ன நாரோயில் பஸ் ஸ்டாண்டுல எங்கூட பஸ் ஏறினப்பவும் எங்க போறோம்னு நீ கேக்கல்ல."