குப்பை என்று நாங்கள் எரித்தது

2011-ஆம் வருடம், காலாண்டுத் தேர்வு விடுமுறை. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். மண்டைக்காட்டுக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் எங்கள் பள்ளியின் ஏழு நாள் சேவை முகாம் நடந்தது. மாணவ மாணவியர் நாற்பது பேர், கூட ஒரு சாரும் ஒரு டீச்சரும். தங்க இடம் கொடுத்தது அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடம்.

பெண்கள் அணிக்கு நான்தான் தலைவி. இதைச் சொல்லும்போது இப்போதும் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். சார் ஒரு விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டதுதான் தாமதம், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எழுந்திருக்க ஒரு ஊதல், சாப்பிட ஒரு ஊதல், பல் தேய்த்து முடிக்க ஒரு ஊதல். இரண்டாம் நாளே தோழிகள் என்னை டிராபிக் போலீஸ் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதையும் பட்டம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, கடற்கரையைச் சுத்தம் செய்யும் வேலை. பிளாஸ்டிக் பை, பிய்ந்த செருப்பு, பாட்டில் என்று சாக்கு சாக்காக அள்ளினோம். மீன்பிடி வள்ளங்களை ஏற்றி வைத்திருந்த மணலுக்கு மேற்புறம் என் உயரத்துக்கு ஒரு குவியல் கிடந்தது. தேங்காய் பறித்தபின் மிஞ்சும் காய்ந்த குலைகள். நான் வளர்ந்தது அருமனைப் பக்கம், ரப்பரும் தென்னையுமான ஊர். எங்கள் வீட்டில் அந்தக் குலைக்குத் தெரிந்த ஒரே வேலை, வெந்நீர் அடுப்பில் எரிவது. முகாமுக்குச் சமைக்க வந்த அக்காவோ முந்தின நாள் முழுக்க ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து கிடந்தார். குப்பையும் ஒழியும், அடுப்பும் எரியும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்களில் ஒருத்தி பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. அதிகம் பேசமாட்டாள். அவள் மட்டும் மெதுவாக, "ஏட்டி, யாருட்டயாவது கேட்டுட்டு எடுப்போமா?" என்றாள்.

"குப்பைய எடுக்கதுக்கும் அனுவாதம் வேணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினேன்.

அரை மணி நேரத்தில் இடம் துடைத்து வைத்ததுபோல் ஆயிற்று. அதோடு விட்டோமா? அடுப்புக்குள் நுழைய வசதியாக ஒவ்வொரு குலையையும் ஒடித்து ஒடித்துக் கட்டி வைத்தோம். சமையல் அக்கா என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். துப்புரவான மணலில் பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோவும் எடுத்தோம். நடுவில் நிற்பது நான்.

மறுநாள் மதியம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெண் வந்து சமையல் பந்தலில் நின்றார். நாற்பது வயது இருக்கும். கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் தலைச்சுமையாக மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. தலையில் காலி அலுமினியப் பாத்திரம். அதன்மேல் புதிதாக ஒரு கட்டு காய்ந்த குலை. அடுப்பில் எரிவதைப் பார்த்தார், ஓரத்தில் ஒடித்துக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தார், சுமையை இறக்காமலே நின்றார்.

"எங்க குலையவா வச்சு எரிக்கிய?" என்றார். சத்தம் போடவில்லை. "ரெண்டு மாசமா மீன் கொண்டு போற வீட்டுல எல்லாம் கேட்டுக் கேட்டு வாங்குனது மக்கா. சனிக்கிழம விடிய வள்ளம் போவணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த கடற்கரைத் தோழிதான் காதோடு காதாகச் சொன்னாள். இந்தக் குலைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, மணல் மூட்டையைப் பாரமாக வைத்துக் கடலில் இறக்குவார்களாம். கணவாய் மீன் அதில் முட்டையிட வரும், அங்கே போய்த் தூண்டில் போட்டுப் பிடிப்பார்களாம். ஒடித்த குலை அதற்கு உதவாதாம். அந்தப் பெண்ணின் கணவரும் தம்பியும் போகும் வள்ளம் அது. சனிக்கிழமை மற்ற வள்ளங்களோடு சேர்ந்து போகாவிட்டால் நல்ல இடமெல்லாம் போய்விடும். அந்தப் பருவத்துக் கணவாய் அவர்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்குப் புதன். என் தட்டில் இருந்தது அந்தக் குலையில் வெந்த சோறு.

சார் எழுந்துபோய், பிள்ளைகள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். நாற்பது பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகள் என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருக்கலாம். ஒளியத்தான் மனசும் சொன்னது. ஆனால் கேட்டுவிட்டு எடுக்கச் சொன்னவள் என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என்னை எழுப்பிவிட்டது.

"நான்தான் எடுக்கச் சொன்னேன் அக்கா. இவ கேட்டுட்டு எடுக்கலாம்னு சொன்னா. நான் கேக்கல்ல" என்றேன். அவர் என் முகத்தைவிட என் கழுத்து விசிலைத்தான் அதிகம் பார்த்தார்.

"சும்மா கெடக்க சாதனம்னு இந்தக் கடப்புறத்துல ஒண்ணும் கெடையாது, கேட்டியா" என்றார்.

சனிக்கிழமைக்குள் சேர்த்துத் தந்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்காமல் அதையும் நானாகவே சொன்னேன், புத்தி அவ்வளவு சீக்கிரம் மாறுமா என்ன? சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். வியாழக்கிழமை விழிப்புணர்வுப் பேரணி, வெள்ளிக்கிழமை மரக்கன்று நடுதல் என்று நோட்டீசே அடித்திருந்தது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றவர், "பேரணி போனாப் போவட்டு" என்றார். அந்த நிமிடத்தில் அவர் காலில் விழுந்திருப்பேன்.

சாரின் போனை வாங்கி முதலில் அம்மாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அம்மா, "கூறுகெட்ட பிள்ளே, நம்ம மீன்காரி மாசாமாசம் கெட்டு கெட்டா கொண்டு போறது பின்ன என்னத்துக்குன்னு நெனச்ச?" என்றார். எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே வருடக்கணக்கில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை.

அடுத்த இரண்டு நாளும் கையில் பேனர் இல்லை, கோஷம் இல்லை. தெரிந்தவர் ஒருவரின் டெம்போவில் ஊர் ஊராகப் போனோம். வீடு வீடாகப் படி ஏறி, "காய்ஞ்ச குலை இருக்கா, எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டோம். இப்போதுதான் அடுப்பில் வைத்தேன் என்று கைவிரித்தவர்கள் உண்டு. எதற்கு என்று கேட்டு, முழுக் கதையையும் என் வாயால் சொல்லவைத்துச் சிரித்தவர்களும் உண்டு. எல்லாக் கதையிலும் முட்டாள் நான்தான். பத்தாவது வீட்டுக்குள் அது பழகிவிட்டது. என் அம்மா தன் பங்குக்குப் பக்கத்து வீடுகளையெல்லாம் கூட்டி ஆறு பெரிய கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார். கண்டக்டரிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாரோ!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மீன்கார அக்கா வந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தார். "இது இத்துப்போச்சு, ஆவாது", "இது பரவால்ல" என்று தனித்தனியாகப் போட்டார். கழித்தது போக மிச்சத்தைக் குவித்துவிட்டு, நானும் தோழியும் பக்கத்தில் போய் நின்று பார்த்தோம். எங்கள் தலைக்கு மேலே ஒரு சாண் இருந்தது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் காற்று என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் நாற்பது பேரும் கரையில் நின்றோம். எங்கள் குலைகள் கட்டுக் கட்டாக வள்ளத்தில் ஏறின. வெள்ளிக்கிழமை நாங்கள் மணல் நிரப்பித் தைத்த மூட்டைகளும் ஏறின. பாரம் அதிகம். அவரவர் இஷ்டத்துக்குத் தள்ளியதில் வள்ளம் அசையவே இல்லை. அந்த அக்கா சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார்.

"எங்கட்டி ஒன் விசிலு? ஊது மக்கா, எல்லாரும் ஒண்ணாத் தள்ளட்டு."

புதன்கிழமைக்குப் பிறகு நான் அதை வாயில் வைக்கவே இல்லை. ஊதினேன். முதல் ஊதலுக்கு வள்ளம் அசைந்தது. இரண்டாவதற்கு நகர்ந்தது. மூன்றாவதற்குத் தண்ணீரைத் தொட்டது. அலையைத் தாண்டி மோட்டார் சத்தம் கேட்டபோது நாங்கள் போட்ட கூச்சலில் கோவில் மணியே கேட்டிருக்காது.

பருவம் முடியும்வரை கணவாய் கிடைத்ததா, கிடைத்ததா என்று தோழியை நச்சரித்தேன். "கெடச்சுதுட்டி, இனியாவது என்ன விடு" என்று ஒருநாள் சொன்னாள். முகாம் சான்றிதழில் கடற்கரைத் தூய்மைப் பணி என்றுதான் அச்சடித்திருக்கிறது. விசிலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நீயே வைத்துக்கொள் என்றார் சார். இன்றும் அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எந்த ஊரில் எந்த வேலையை நல்லது என்று நினைத்துக் கையில் எடுத்தாலும், முதலில் இது யாருடையது என்று விசாரித்துவிட்டு, அப்புறம்தான் ஊதுகிறேன்.