வலைத்திரைக்கு மேல் ஒரு ஜமுக்காளம்

காலை ஒன்பது மணி வாக்கில் என் அப்பாவின் வழுக்கைத் தலையில் ஒரு ரோஜாப்பூ மலரும். கிழக்கு ஜன்னலில் தொங்கிய வெள்ளை வலைத்துணித் திரையில் பின்னியிருந்த பூ அது. வெயில் ஏற ஏற அதன் நிழல் உச்சந்தலையிலிருந்து நெற்றிக்கு இறங்கி, மூக்கின் மேல் நடந்து, மீசைக்கு வந்து சேர்வதற்குள் அப்பா விழித்துக்கொள்வார். முழுப்பரீட்சை லீவில் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இந்த ஊர்வலத்தைப் பார்ப்பதுதான், வீட்டில் டிவி இல்லாத எனக்குக் கிடைத்த ஒரே படம்.

அப்பா பஸ் டிரைவர். தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு இரவு வண்டி. விடிந்ததும் எங்கள் ஊரான இண்டூருக்கு வந்து, களி உருண்டையை விழுங்கிவிட்டுப் படுப்பார். ஊரே ராத்திரியில் செய்கிற வேலையை எங்கள் "வூட்டில்" ஒருவர் பட்டப்பகலில் செய்ய வேண்டியிருந்ததால், கடுகு வெடிக்கிற சத்தத்துக்குக்கூட அம்மா பயந்தாள். தூக்கத்தில் அப்பா சில சமயம் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் பயணிகளை முன்னால் நகரச் சொல்வார். நான் மரியாதையாக எழுந்து இரண்டடி முன்னால் நகர்ந்து உட்காருவேன்.

அந்தத் திரை என் தாய்மாமன் கொண்டுவந்த சீர். மாமா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். நாங்கள் புது வீட்டுக்குக் குடிவந்த அன்று தேங்காய் பழத் தட்டோடு, சேலத்தில் தேடி வாங்கிய அந்தத் திரையைத் தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போனார். "ஆத்துல கெடக்கறவன் வேற என்னத்தக் குடுப்பான், வலையத்தான் குடுப்பான்" என்று அப்பா ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றோடு முடிந்தது. "எந்தம்பி கட்டுன தெர. வருசம் திரும்பாம அது கீழ எறங்காது" என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறந்த வீட்டுச் சீரை வருஷத்துக்குள் இறக்குவது எங்கள் பக்கம் பெரிய குற்றம்.

ஒருநாள் விடியற்காலையில் அப்பாவோடு அவர் வண்டிக் கண்டக்டரும் வந்தார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஓசூர் தாண்டுனதும் அண்ணன் ரெண்டு தடவ கண்ண மூடிட்டாரு. நான் பக்கத்துல நின்னு பாட்டுப் பாடித்தான் கொண்டாந்து சேத்தன். எம்பாட்டக் கேட்டு வண்டியில அத்தன பேரும் முழிச்சிக்கிட்டாங்க. பகல்ல அண்ணனக் கொஞ்சம் தூங்க வுடுங்கக்கா" என்றார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் விடிவதற்கு முன்பே வாசலில் நின்று, அப்பா தலை தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

திரையும் இறங்கக்கூடாது, அறையும் இருட்டாக வேண்டும். இருக்கிற திரைக்கு மேலேயே கல்யாண வீட்டு ஜமுக்காளத்தைப் போடுவது என்று முடிவாயிற்று. பொறியாளர் நான்தான். அறிவியலில் நாற்பத்தொரு மார்க் வாங்கியிருந்தேன், வேறென்ன தகுதி வேண்டும்? அக்காலத்து ஜன்னல்களில் இரண்டு ஆணிக்கு நடுவே ஒரு ஸ்பிரிங் கம்பிதான் இருக்கும். வலைத்துணியின் எடைக்கு அது போதும். ஜமுக்காளம் ஏறியதும் நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் நுழைந்த வெயில் டார்ச் அடித்ததுபோல் அப்பாவின் கண்ணில் நேராக விழுந்தது. "இழுத்துக் கட்டுடா" என்றாள் அம்மா. கட்டினேன். கொஞ்ச நேரத்தில் "டொய்ங்" என்று கொக்கி பறந்து, கம்பி, வலை, ஜமுக்காளம் எல்லாம் மொத்தமாக அப்பா மேல் விழுந்தன. உள்ளேயிருந்து "பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறிக்கொண்டு அவர் காலை உதைத்த உதையில் சொம்பு உருண்டது. கடைசியில் வலைக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது.

"பாத்தியா, உந்தம்பி என்னையே புடிச்சிட்டான்."

அம்மா முதலில் வலை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அப்பா கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். புழுக்கத்தில் அரைமணிக்கு ஒருமுறை துண்டு நழுவும், அவர் எழுவார். அம்மா மறுபடியும் மாட்டிப் பார்த்த ஜமுக்காளமும் பாதி ஜன்னலைத்தான் மறைத்தது. அப்படியொரு காலையில்தான் வாசலில் "அக்கோவ்" என்று மாமாவின் குரல் கேட்டது. கையில் ஒயர்கூடை நிறைய மீன். அம்மா பதறிப்போய் ஜமுக்காளத்தை உருவிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அறை முழுக்க வெயில் கொட்டியது. அப்பா துண்டோடு எழுந்து உட்கார்ந்தார்.

"மாமாவுக்கு என்னக்கா, கண்ணு வலியா?" என்றார் மாமா.

"ஆமாப்பா, ஒட்டுவாரொட்டி. கிட்ட வராத" என்றார் அப்பா, யோசிக்காமல். வலை என்று கேலி செய்த அதே வாய்.

எனக்கு ராஜதந்திரம் தெரியாது. "இல்ல மாமா, உங்க தெரையில வெயிலு நிக்க மாட்டேங்குது. அப்பாவுக்குத் தூக்கமே இல்ல. வண்டியில தூங்கிடறாரு" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

மாமா ஜன்னலைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த ஜமுக்காள நுனியைப் பார்த்தார். "ஏக்கா, வலையில தண்ணியே நிக்காது, வெயிலா நிக்கும்? எங்க பரிசல்ல உள்ள மூங்கி, வெளிய தோலு. ஒண்ணு இருக்குதுன்னு இன்னொண்ணக் கழட்டுவமா?" என்றார். மீனை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு மூங்கிலோடு வந்தார். பழைய கம்பிக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் வெளியே தள்ளி நிற்கும்படி இரண்டு மரக்கட்டைகளை அடித்து, அதில் மூங்கிலைப் படுக்கவைத்து, ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். பின்னால் அவருடைய வெள்ளைத் திரை ஒரு மடிப்புக் கலையாமல் நின்றது.

அன்று அப்பா தூங்கினார். மத்தியானம் மீன் குழம்பு வாசனைக்கும் எழவில்லை. அம்மா இரண்டு தடவை உள்ளே போய் அவர் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று மணிக்கு விழித்தவர், இருட்டைப் பார்த்து ராத்திரியாகிவிட்டதென்று, பையைத் தூக்கிக்கொண்டு சட்டையில்லாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். சுள்ளென்ற வெயிலில், எதிர்வீட்டு ஆயா, "எந்தூருக்குப்பா பஸ்சு?" என்று கேட்டாளாம்.

இப்போது தர்மபுரி டவுனில் இருக்கிறோம். அந்த வீடும் இல்லை, மூங்கிலும் இல்லை. ஸ்பிரிங் கம்பி என்றால் என் பிள்ளைகள் கட்டிலுக்கா என்று கேட்கிறார்கள். கடையிலேயே இரட்டைக் கம்பி விற்கிறார்கள், மெல்லிசுக்கு ஒன்று, கனத்ததற்கு ஒன்று. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். பகலில் படுத்தாலும் அவருக்குக் கண் மூடுவதில்லை, அந்தத் தூக்கத்தை எந்த வண்டியில் விட்டாரோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு, எந்த வண்டியும் ஓட்டாத நான் படுக்கிறேன். சற்றுநேரத்தில் மெல்லக் காலடி கேட்கும். "சத்தம் போடாதீங்கடா, உங்கப்பன் தூங்கறான்" என்று பிள்ளைகளை அதட்டிவிட்டு, வளையம் ஒன்றோடொன்று உரசாமல், கனத்த திரையை அங்குலம் அங்குலமாக அப்பா இழுத்து மூடுவார். எனக்குத் தூக்கம் போய்விடும். ஆனாலும் அவர் வெளியே போகிறவரை குறட்டை விடுவதை நான் நிறுத்துவதில்லை.