மறுமுனையில் ஒரு மூச்சு

யோகா என்றால் தலைகீழாக நிற்பது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி செய்த யோகாவைப் பார்த்ததும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விரிப்பில் மண்டியிட்டு, முன்னால் சரிந்து, ஒரு திண்டைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவ்வளவுதான்.

"இதுக்குப் பேரு யோகாவா அண்ணி? இதை நான் கட்டில்லயே செய்யறேனே!"

"வாயை மூடு. இது யின் யோகா. உடம்பை மிரட்டக் கூடாது. அது தானா இளகற வரைக்கும் சும்மா கிடக்கணும்," என்றாள், திண்டுக்குள் முகத்தைப் புதைத்தபடி.

சும்மா கிடப்பதெல்லாம் அண்ணிக்கு வராத காரியம். ஜன்னல் திரை தைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவள். என் அண்ணன் செத்துப்போன பிறகு எங்கள் இருவருக்கும் அந்த மெஷின்தான் சோறு போட்டது. ஈரப்போர்வை கனம் கனக்கும் துணியை இழுத்து இழுத்து அவள் முதுகு போய்விட்டது. கீழே விழுந்த ஊசியை எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அந்தத் திண்டும் பட்டறையில் மிஞ்சிய துண்டுத் துணிகளைத் திணித்து அவளே தைத்ததுதான்.

யோகாவைக் கற்றுக்கொடுத்தவள் பக்கத்து மெஷின்காரி. பட்டறையில் அவளுக்குச் சர்க்கரை என்று பெயர். பேச்சு அப்படி இனிக்கும். நான் வைத்த பெயர் வேறு, அதை இங்கே எழுத முடியாது.

"தனியா செஞ்சா நீ பாதியில எழுந்து போயிடுவே," என்றாளாம் அவள். "போன் போட்டு ஸ்பீக்கர்ல வை. நானும் என் வீட்டுல படுத்துக்கறேன். போன்ல மணி வெச்சுக்குவோம், அது அடிக்கிற வரைக்கும் நீ எனக்குத் துணை, நான் உனக்குத் துணை."

குளிர்காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. வேலை முடிந்து வந்ததும் அண்ணி விரிப்பைப் போடுவாள், தலைமாட்டில் போனை வைப்பாள். பேசக்கூடாது என்பதுதான் முறை. ஆனால் அப்படி நெடுநேரம் குனிந்து கிடந்தால் அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும் போல. அண்ணி மெல்லிய குரலில் போனிடம் ஏதேதோ சொல்வாள், சில நாள் அழுவாள். மறுமுனையில் சத்தமே இருக்காது. நான் சமையலறையில் வெங்காயத்தின்மேல் ஆத்திரத்தைக் காட்டுவேன். ஒரே வீட்டில் இருக்கிற என்னிடம் சொல்லாததை எவளோ ஒருத்தியிடம் சொல்கிறாளே! பொறாமைதான், வேறென்ன.

"அவகிட்ட என்னத்தைக் கண்டீங்க அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீயா இருந்தா நடுவுல பத்துக் கேள்வி கேப்பே. அவ குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டா," என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

வசந்தம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே மொட்டையாக நின்ற மரம் துளிர்த்தது. அண்ணி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்தாள். ஊசியைத் தானே குனிந்து எடுத்தாள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறையிலும் ஆர்டர் குவிகிற காலம். இந்தப் பருவத்தில் தாக்குப்பிடித்துவிட்டால், முதுகுவலியால் ஆட்டம் கண்டிருந்த அவள் இடம் நிலைத்துவிடும்.

அன்று அண்ணி குனிந்து படுத்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். போனிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. அப்புறம் தூரத்தில், ஆனால் தெளிவாக, ஓர் ஆண்குரல். பட்டறை முதலாளி, சர்க்கரை வீட்டுக்கு வந்திருந்தார்.

"போன் ஏதோ தரையில கிடக்குதேம்மா?"

"அது அவதான் சார், தரையில கிடப்பா," என்று சர்க்கரை சிரித்தாள். "நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். குளிர்காலம் பூரா போனை உள்ரூம்ல வெச்சுட்டு என் வேலையைப் பார்த்துட்டிருந்தேன். மணி அடிச்சா போய் எடுப்பேன். பாவம், ஆறுதலா இருக்கட்டுமேன்னுதான்."

முதலாளியும் சிரித்தார்.

"அவளால இனிமே முடியாது சார். முதுகு போயிடுச்சு. விலகிக்கறேன்னு அவளே என்கிட்ட சொல்லிட்டா, உங்ககிட்ட சொல்லத்தான் கூச்சப்படறா. அந்த மெஷினை என் தங்கச்சிக்குக் குடுங்க."

கையில் கரண்டியோடு ஓடினேன். அண்ணி அசையவில்லை. கை மட்டும் திண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. போனைப் பிடுங்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். மணி அடிக்கும்வரை அப்படியே கிடந்தாள், பாவி மகள்.

மணி அடித்ததும் காலடிச் சத்தம் நெருங்கியது. பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு.

"அப்பாடா! எனக்கு இடுப்பு எப்படி இளகிச்சு தெரியுமா? உனக்கு எப்படி இருந்துச்சு?"

"குளிருக்கு உள்ரூம் கதவைச் சாத்தி வெச்சிருந்தே. இன்னிக்குக் காத்துக்குத் திறந்துட்டே போல. சாத்திக்கோ," என்று சொல்லி அண்ணி போனை அணைத்தாள்.

மறுநாள் காலையில் நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள். "நான் விலகறேன்னு யார்கிட்டயும் சொல்லல சார். இருக்கறதுலயே கனமான துணியைக் குடுங்க, உங்க கண்ணு முன்னாடி தைக்கறேன்," என்றாள். சாயங்காலம்வரை தைத்தாள். அவர் பார்த்தார், தலையைச் சொறிந்தார். இடம் அவளுக்கே என்றாகிவிட்டது. சர்க்கரை மட்டும் வாசலில் மறித்து, "உன் நல்லதுக்குத்தாண்டி சொன்னேன்," என்றாளாம். அண்ணி சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நல்லா மூக்கை உடைச்சீங்க அண்ணி!" என்று குதித்தேன். அவள் வழக்கம்போல விரிப்பைப் போட்டாள். போனை வைக்கவில்லை. குனிந்தவள் உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி குனிந்தாள், மறுபடி எழுந்தாள். அப்புறம் அழத் தொடங்கினாள்.

எனக்குக் கோபம் வந்தது. "இடம்தான் கிடைச்சிடுச்சே! அந்தச் சண்டாளிக்காகவா அழறீங்க?"

"இடத்துக்கா அழறேன்?" என்றாள். "உன் அண்ணன் போன அன்னிக்குக் காலையில, 'போய்த் தொலைங்க'ன்னு நான் சொல்லித்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினாரு. அதை உன்கிட்டகூடச் சொன்னதில்ல. அவகிட்டதான் சொன்னேன். அவ ஒண்ணுமே சொல்லல. என்னை மன்னிச்சுட்டா, அதான் சும்மா இருக்கான்னு நினைச்சேன்."

அண்ணி திண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்க யாருமே இல்லையேடி," என்றாள்.