விமர்சனத்தில் நான் எழுதிய ஒரு வரி

நான் திருகோணமலையில் ஆசிரியை. சிறு வெளியீடாக வரும் சித்திரக்கதைப் புத்தகங்களைப் பற்றி இணையத்தில் எழுதி, சனிக்கிழமைகளில் அண்ணாவின் போட்டோக்கொப்பிக் கடையில் அவற்றை விற்பேன்.

தன் அலுவலகத்தில் ஊழியர்களை அழவைக்கும் மனேஜர் ஒருவரைப் பற்றி ஒரு பெண் புனைபெயரில் வரைந்திருந்தாள். அந்தப் புத்தகத்தைப் புகழ்ந்த நான், "இவர் துறைமுகத்தடிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்பவர்" என்றும் எழுதிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒருவர் கடைக்கு வந்து அந்தப் புத்தகத்தைப் புரட்டினார். படத்தில் இருந்த அதே மீசை, அதே கண்ணாடி.

"இந்தப் படங்களைக் கீறினது ஆர்?"

"தெரியாது ஐயா. தபாலில வாறது."

"துறைமுகத்தடிக் கந்தோர் எண்டு விமர்சனத்தில எழுத மட்டும் தெரிஞ்சிருக்கு."

அவளுடைய உண்மைப் பெயர் எழுதிய பார்சல் மேசையில் கிடந்தது. அதன்மேல் மெதுவாகப் புத்தகங்களை அடுக்கினேன். "ஆரோ சொன்னதை எழுதினனான். பிழையாயும் இருக்கலாம்."

அவர் என்னையே பார்த்துவிட்டு, ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். உடனே அந்த வரியை அழித்துவிட்டு அவளை அழைத்தேன்.

"நேற்று எல்லாரையும் கூப்பிட்டு விசாரிச்சவர், அக்கா. நான் வாய் திறக்கேல்லை. இந்த வேலை இல்லாமல் எனக்கு ஏலாது."

வேறு வேலை கிடைத்துப் போகும்வரை அவள் பிடிபடவில்லை. இப்போது எந்த விமர்சனத்தையும் வரைந்தவருக்கு அனுப்பி, அவர் சம்மதித்த பிறகுதான் வெளியிடுகிறேன்.