பஸ் நிலையத்தை ஒட்டுக்கேட்ட குழாய்

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒருநாள் பஸ் முதலாளி ஒருவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவருக்கு நான்கு வண்டிகள். ஆபீஸ் ஊருக்கு வெளியே இருந்தது. பஸ் நிலையத்துக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். வண்டி புறப்படும் நேரத்தை ஆபீஸில் இருந்தபடியே மைக்கில் சொல்வதற்காக, சாலையோரம் சவுக்குக் கம்பம் நட்டு ஒயர் இழுத்து, பஸ் நிலையத்தில் ஓர் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்.

"வண்டிங்க நேரத்துக்கு முன்னாடியே கெளம்பிடுதுன்னு ஜனங்க சொல்றாங்க. கண்டக்டருங்கள கேட்டா இல்லேன்றானுங்க. நான் இங்க குந்திக்கினே அங்க இன்னா நடக்குதுன்னு கேக்கணும். முடியுமா?" என்றார்.

முடியும் என்று சொல்லித் தொலைத்தேன். ஒலிபெருக்கிக் குழாய்க்கு முன்னால் பேசினால் அதுவும் மைக்தான். மெல்லிய சத்தம் அதே ஒயரில் திரும்பி வரும். ஆபீஸ் பக்கம் பெருக்கிக்கொண்டால் போதும். நான் மொத்தமாகப் புது ஒயர் கேட்டேன்.

"புது ஒயரெல்லாம் கேக்காத. இருக்கறதுலயே பண்ணு."

முதல் நாள் கேட்டது வெறும் உறுமல். மின்சார லைனை ஒட்டியே அந்த ஒயர் போனதால் கரண்டின் சத்தம் முழுவதும் அதில் ஏறியிருந்தது. முதலாளி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது பஸ் ஸ்டாண்டா, மாவு மிஷினா?" என்றார். மூன்று வாரம் கம்பம் கம்பமாக ஏறினேன். துருப்பிடித்த முடிச்சுகளைப் பிரித்துச் சுரண்டிக் கட்டினேன். ஒரு முடிச்சைச் சரிசெய்தால் அடுத்தது அறுந்தது. கடையில் ரேடியோக்கள் குவிந்துகொண்டே போயின. கொடுத்தவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். கடைசியில், மூன்று கம்பத்துக்கு ஒரு முறை ஒயரின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டியதும், கரண்டின் சத்தம் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, உறுமல் அடங்கியது. டிரைவர் ஆரன் அடிப்பது, கண்டக்டர் "திண்டிவனம், திண்டிவனம்" என்று கூவுவது எல்லாம் தெளிவாக வந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார்.

அவர் வண்டிகளைக் கேட்டது இரண்டு நாள்தான். பிறகு ஜனங்கள் அவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் குழாய்க்கு அடியில் சிங்கவரத்து அம்மாள் ஒருத்தி வறுத்த மல்லாட்டை விற்பாள்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை கட்டியிருப்பாள். தினமும் முதலாளியின் வண்டியில்தான் கூடையோடு வருவாள். ஒரு காலை, வெயிலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்த்தேன்.

"இன்னாக்கா, பஸ்ஸுல வரலையா?"

"கூடைய ஏத்த மாட்டேன்றான் தம்பி. மொதலாளி உத்தரவாம். நேத்து பக்கத்துல இருந்தவகிட்ட, இந்த வண்டியில ஏறுனா இடுப்பு ஒடஞ்சிடும்னு சொன்னேன். மாதா மேல சத்தியமா அவ்ளோதான் சொன்னேன். அது எப்டி அந்தாளு காதுக்குப் போச்சு?"

நேராக ஆபீஸுக்குப் போனேன். "வண்டி கெளம்புற நேரத்தக் கேக்கத்தான இத வெச்சோம்?" என்றேன்.

"ஒயர் என்னுது. நான் எத வேணா கேப்பேன். நீ போய் உன் வேலயப் பாரு."

திரும்பி வந்து அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மாட்டியது நான்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் குழாயை அண்ணாந்து பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விஷயம் பஸ் நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. வல்லத்துக்குப் போகிறவர்கள், மண்டகப்பட்டுக்குப் போகிறவர்கள் என்று ஆளுக்கொருவராகக் குழாய்க்குக் கீழே நின்று கத்தினார்கள். "மொதலாளி, ஒம்போது மணி வண்டி எட்டே முக்காலுக்கே பூட்ச்சி!" "மொதலாளி, சீட்டுல ஆணி குத்துது!" அந்த அம்மாள் மட்டும் கூடையைக் குழாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கழட்டிடு. தலவலி தாங்கல," என்றார். அவர் முதலில் கேட்க நினைத்த சேதி அத்தனையும் வந்திருந்தது. ஒரு கண்டக்டரையும் கூப்பிட்டு அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. கூடையை ஏற்றச் சொல்லும்படி கெஞ்சினேன். "அவ வந்து மன்னிப்பு கேக்கட்டும்," என்றார். அவள் கேட்கவில்லை. வேறு கம்பெனி வண்டிக்கு மாறிக்கொண்டாள். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து வந்தாள்.

ஆபீஸில் சத்தத்தைப் பெருக்க வைத்திருந்த பெட்டியைக் கழற்றி எடுத்துவந்து கடையில் ஒரு மூலையில் போட்டேன். அதன் பிறகு அந்த அம்மாள் டார்ச் லைட்டைச் சரிபண்ணக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிற்பாள். மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "இங்க எதுனா மாட்டி வெச்சிருக்கியா தம்பி?" என்று கேட்பாள்.

இல்லை அக்கா என்பேன். உள்ளே வந்து டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு, என்ன ரிப்பேர் என்று கையாலேயே காட்டுவாள்.