நாலு பேர்தான், ஐயா

2005 வாக்கில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்த சமயம் அது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னார்கள். நான் முடியாது என்றுவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள் நான். அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனையை விட்டதே இல்லை. "மொதல்ல ஆண்டவருக்குத்தான் கீழ்ப்படியணும் அண்ணாச்சி, அப்புறந்தான் கம்பெனிக்கு" என்று எல்லோர் முன்னாலும் மேனேஜரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் அறையில் நாலு பேர்தான் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். சுவரில் பெயிண்டால் எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் ஆர்டர் நெருக்கியதால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். கூடுதலான மூன்று பேரின் பெயர் பதிவேட்டில் கிடையாது. அதில் ஒருத்தி என் பக்கத்து வீட்டு அக்கா. நான்தான் மேனேஜரிடம் பேசி அவளைச் சேர்த்துவிட்டேன்.

சோதனைக்கு வரும் அதிகாரிகளின் ஜீப் மெயின் ரோட்டு விலக்கில் திரும்பும்போதே கேட்டிலிருந்து தகவல் வந்துவிடும். அந்த மூன்று பேரும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஜீப் போனதும் வந்துவிடுவார்கள். கண்ணாமூச்சி ஆடுவதுபோலச் சிரித்துக்கொண்டேதான் இதைச் செய்வோம்.

ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் ஜீப் வந்தது. அறை வாசலில் வந்து நின்ற அதிகாரி, என் நெற்றியில் பொட்டு இல்லாததைக் கவனித்தார்.

"ஏம்மா, நீ சர்ச்சுக்குப் போறவளா?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப நீ பொய் சொல்ல மாட்ட. இந்த ரூம்ல எத்தன பேர் வேல பாக்குறீங்க?"

அவருக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார்.

"நாலு பேர்தான், ஐயா" என்றேன். நாக்கு தடுமாறக்கூட இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சமாதானமும் தயாராக இருந்தது. அதிகாரிகளுக்குக் கீழ்ப்படியச் சொல்லியும் அதே வேதத்தில் இருக்கிறது, கேள்வி கேட்டவரும் ஒரு அதிகாரிதான் என்பது அப்போது உறைக்கவில்லை. அவர் நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் திரும்பி வந்தார். "ஞாயித்துக்கெழம நீ கோயிலுக்குப் போயிக்கோ தாயி" என்றார். ஆண்டவரே வழி திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அறையில் என் இடம் சுவரோரம். முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம் என்பதால் அதன்மேல் எல்லோருக்கும் ஒரு கண். சனிக்கிழமை சாயங்காலம் வேனில் வரும்போது அக்கா சொன்னாள், "ஏட்டி, நாளைக்கு ஒன் எடத்துல நான் உக்காந்துக்கிடுதேன். நீ எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வா." சரிக்கா என்றேன்.

மறுநாள் போதகர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் எல்லாம் அதிர ஒரு வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் அந்தச் சத்தம் என்னவென்று யாரும் கேட்கமாட்டார்கள். செருப்புகூடப் போடாமல் கம்பெனியைப் பார்த்து ஓடினேன். வழியில் யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.

வெடித்தது எங்கள் அறைதான். உள்ளே இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் காயத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அந்த அறையில், முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்த பிறகுதான் சுவரோரம் இருப்பவள் எழ முடியும். அக்கா வரவில்லை.

அடுத்த நாள் காலையில் மேனேஜர் என் வீட்டுக்கே வந்தார். "விசாரணைக்கு ஆபீசர் வருவாக. ரூம்ல எப்பவும் நாலு பேருதான், அந்தப் பொம்பள யாருக்கோ சோறு குடுக்க வந்த எடத்துல இப்பிடி ஆயிப்போச்சுன்னு சொல்லிரு. நீ சொன்னா நம்புவாக" என்றார். பக்கத்து வீட்டில் அக்காவின் பிள்ளைகள் அழுவது கேட்டுக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு வந்தவர் அதே அதிகாரி. மேனேஜர் இந்த முறையும் அவர் பின்னால்தான் நின்றார்.

"எப்பவும் ஏழு பேருங்க ஐயா. அக்கா அங்கனதான் வேல பாத்துச்சு. நாந்தான் சேத்துவிட்டேன்."

அவர் நோட்டைப் புரட்டினார். "அன்னிக்கு நாலுன்னு சொன்னியேம்மா?"

"பொய் சொன்னேங்க ஐயா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அன்னிக்கே சொல்லியிருந்தா ரூமைப் பூட்டியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

எனக்கு வேலை போனது. அக்கா அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான் என்று எழுத்தில் ஏறியது. அவள் செத்த பிறகுதான் அவள் பெயர் அங்கே ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிலும் பிரசங்கத்திலும் மூழ்கி அவளுக்காக ஜெபிக்க மறந்தே போயிருந்தேன். இப்போதும் நான் ஆராதனையை விடுவதில்லை. ஆனால் ஆண்டவர் என்னிடம் கீழ்ப்படிதலைக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை அல்ல, அந்த வியாழக்கிழமைதான் என்பது, அக்காவுக்கும் சேர்த்து முழங்கால் போட்டு ஜெபிக்கும் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சை அறுக்கிறது.